முகம் பார்க்காத மாப்பிள்ளை

இப்பிடி வந்து உக்காருங்கக்கா. அந்தச் சேருக்குக் கால் ஆடுது. இதுல எங்க மாப்பிள்ளை உக்காந்திருந்தாரு, உள்ளே கூட்டீட்டுப் போயிட்டாங்க. எம் பொண்ணும் கூடப் போயிருக்கறா. நானுந்தான் போனேன். டாக்டரு என்ன சொன்னாருங்கறீங்க? "அம்மா, நீங்க சித்தெ வெளிய இருங்க"ன்னுட்டாரு. நான் என்ன பண்ணிப்போட்டேன்? அவரு கேக்கற கேள்விக்கு மாப்பிள்ளை மெதுவாப் பதில் சொல்றாரு, அதனால நானே சொன்னேன். அதுக்கு வெளிய போகச் சொல்றதா? எச்சாப் படிச்சவங்களுக்கு மரியாதை கொறையுமாட்ட இருக்குது.

உங்கூட்டுக்காரருக்குக் கண்ணுல புரைங்களா? அட, அதெல்லாம் ஒரு நோவுங்களா! லென்சு வெச்சாங்கன்னா மக்கா நாளே பேப்பர் படிப்பாரு. நீங்க வெசனப்படாம ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க. இல்ல, இருங்க, சித்தெ பொறவு போலாம். நான் ஒண்ணு கேக்கறேன், ஞாயமாச் சொல்லுங்க.

பொண்ணைக் கட்டிக் குடுத்த மாமியா மொகத்தை ஒரு மாப்பிள்ளை பாத்துப் பேசோணுமா வேண்டாமா? பேச மாட்டாருங்க. "அத்தை, நல்லா இருக்கீங்களா?" கேப்பாரு, என் காதைப் பாத்து. "மாமா வல்லீங்களா?" கேப்பாரு, செவுத்துல தொங்கற காலண்டரைப் பாத்து. காலண்டரு என்ன பதில் சொல்லும்? சரி, மாமியான்னா எளப்பம்னு வெச்சுக்கலாம். கட்டுன பொண்டாட்டியையும் அப்பிடித்தான் பாக்கறாரு. இவ வடக்க நின்னா அவரு கெழக்க பாக்கறாரு. இதுக்கு என்ன அர்த்தமுங்க? நான் அர்த்தம் பண்ணிக்கிட்டேன், அது தப்புன்னு இப்ப அல்லாரும் என்னையச் சொல்றாங்க.

பொண்ணு பாக்க வந்தப்போ அப்பிடி இல்லீங்க. பூபதின்னு பேரு. தாரணி காப்பித் தட்டோட வந்தா, பாருங்க, வெச்ச கண்ணு வாங்காமப் பாத்தாரு. எங்கூட்டுக்காரரு கூட எங்கிட்ட, "என்ன பாப்பாத்தி, பையன் இப்பிடிப் பாக்கறானே"ன்னாரு. அவரு பாக்காம என்ன பண்ணுவாரு? பாக்கறதுதானே அவரு உத்தியோகமே! திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில லேபுல இருக்கறாருங்க. வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணி அனுப்புவான், அதே நெறத்துல ஆயிரம் மீட்டர் வேணும்பான். சாயம் போட்ட துணி அந்த நெறத்துக்குச் சேருதா இல்லியான்னு பாத்துச் சொல்றது எங்க மாப்பிள்ளை. நூலளவு மாறினாலும் கண்டுபுடிச்சுப்போடுவாராம். எங்கூட்டுல நான் கட்டியிருந்த சேலையைப் பாத்துட்டு, "அத்தை, முந்தானை வேற சாயத்தொட்டியில நனைச்சதுங்க"ன்னாரு. பத்து வருசமா அந்தச் சேலையை நான் கட்டறேன், எனக்கே தெரியாது. அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன், மாப்பிள்ளைன்னா இவருதான்னு.

கண்ணாலம் தை மாசமுங்க. சீரெல்லாம் ஒரு கொறையும் இல்ல. கண்ணாலம் நடத்தி வெக்கற அருமைக்காரரு வந்து மொறையாப் பண்ணினாரு. அது ஆருக்கு வேணும்? இப்பெல்லாம் ஒறம்பரைச் சனம் பாக்கறது ரிசப்சனைத்தானுங்களே. எங்கூட்டுக்காரரு தம்பி பொண்டாட்டி ருக்மணின்னு ஒருத்தி இருக்கறா. போன வருசம் அவ மகளுக்குக் கண்ணாலம் பண்ணினா. மண்டபத்துல பொகை போட்டு, மேல பச்சையும் செவப்புமா லேசர் வெளிச்சம் உட்டு, ஊரே வாயைப் பொளந்துச்சு. பொறவு அவ ஒவ்வொரு விசேசத்துலயும் "எங்க லேசரு, எங்க லேசரு"ங்கறா. என்னமோ அவளே பெத்துப் போட்ட மாதிரி. எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்க. நானும் லேசர் வெச்சேன்.

லேசர்க்காரன் ஈரோட்டுல இருந்து வந்தானுங்க. மேடைக்கு மேல ரெண்டு பொட்டியை மாட்டினான். சாயங்காலம் ஓட்டிக் காமிச்சான். எல்லாம் விட்டத்துலயே ஓடுது. "ஏந்தம்பி, மேலயே ஓடுதே, ஆளு மேல அடிக்காதா?"ன்னு கேட்டேன். "ஆளு மேல அடிக்கக் கூடாதுங்கம்மா, மேல பொகையிலதான் அடிக்கோணும்"னான். "பொகைக்காப்பா கண்ணாலம்? மாப்பிள்ளைக்குத்தான் கண்ணாலம்!"னேன். சரியாத்தானே கேட்டேன்? ருக்மணி மகளுக்கும் பொகையில, எம் பொண்ணுக்கும் பொகையிலன்னா அப்புறம் எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

அதுக்குள்ள போட்டோக்காரன் ஓடியாந்தான். நந்தகோபால்னு பேரு. அவனுக்கு வந்த வேலையைப் பாக்கத் தெரியாது. "அம்மா, தயவு பண்ணி அதைக் கீழ எறக்கச் சொல்லாதீங்க. நேரா லென்சுக்குள்ள போச்சுன்னா சென்சார் பொசுங்கிரும். அதுதானுங்க கேமராவோட கண்ணு"ங்கறான். நான் சிரிச்சேன். "ஏங்கண்ணு, கண்ணாலத்துக்கு வர்ற கேமரா ஒரு வெளிச்சத்துக்குத் தாங்காதா? தீவாளிக்கு நீ என்ன பண்ணுவ, கேமராவைப் போத்திப் படுக்க வெச்சிருவியா?"ன்னு கேட்டேன். பக்கத்துல இருந்தவங்க அல்லாரும் சிரிச்சாங்க. அவன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான்.

பொறவு பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல்ல இருந்து மேடைக்கு நடந்து வர்றாங்க. பாட்டுப் போட்டாச்சு, பொகை உட்டாச்சு. நான் லேசர்க்காரன் பக்கத்துலயே நின்னுக்கிட்டேன். இந்த மாதிரி ஆளுங்களை நம்ப முடியாதுங்க, நின்னு வேலை வாங்கோணும். "எறக்கு, எறக்கு, இன்னும் எறக்கு"ன்னேன். எறக்கினான். ஆனா வெளிச்சம் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, ஓடிக்கிட்டே இருக்குது. "இதென்னப்பா, மின்மினிப் பூச்சியாட்டம்? மாப்பிள்ளை மொகத்துல நிறுத்து!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். "ஒரே ஒரு தடவைங்கம்மா"ன்னு நிறுத்தினான். அப்பிடியே மொகமெல்லாம் பச்சையா, ஆகா! சாமி செலையாட்டம் இருந்தாரு.

ஆனா இவரு என்ன பண்ணினாருன்னா, கண்ணை மூடிக்கிட்டாருங்க. எனக்கு வவுறு எரிஞ்சுபோச்சு. இத்தனை பாடுபட்டு வெளிச்சத்தைக் கொண்டாந்து நிறுத்தினா, இவரு கண்ணை மூடிக்கிட்டா போட்டோவுல தூங்கற மாப்பிள்ளையாட்டத்தானே உழுவும்? ருக்மணி சும்மா இருப்பாளா? நான் உடலீங்க. மேடையோரத்துல நின்னு சத்தமாச் சொன்னேன்: "மாப்பிள்ளை! கண்ணை மூடாதீங்க! நல்லாத் தெறந்து வெளிச்சத்தைப் பாருங்க!" பொண்ணுகிட்டயும் சொன்னேன், "தாரணி, நீ தலையைக் குனிஞ்சுக்கோ." கண்ணாலப் பொண்ணு நிமுந்து பாத்தா நல்லா இருக்குமுங்களா? அவ குனிஞ்சுக்கிட்டா. அவரு நிமுந்து பாத்தாரு. எத்தனை பேரு மாமியா பேச்சைக் கேக்கறாங்க, சொல்லுங்க? எங்க மாப்பிள்ளை கேட்டாரு. அந்தக் கொணத்துக்கு ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்.

இன்னைக்கு என்னமோ என்னையச் சொல்றாங்களே, எம் பொண்ணு கண்ணைக் காப்பாத்துனது ஆரு? குனிஞ்சுக்கோன்னு சொன்னது ஆரு? அதை ஒருத்தராச்சும் சொல்றாங்களா? மாட்டாங்க. நல்லது பண்ணினா வாயே தெறக்காது.

ரிசப்சன் முடியற வரைக்கும் மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கிட்டே இருந்தாரு. பொகைன்னு நெனச்சேன். பொறவு மறுவிருந்துக்கு வந்தாங்க. இனிப்புக்கு ஒப்புட்டு, அப்புறம் சந்தவை, கோழி, எல்லாம் என் கையால பண்ணினேன். எலையில ஒப்புட்டை நடுவுல வெச்சேன். அதைத் தொடவே இல்லீங்க! சுத்தி இருக்கறதெல்லாம் சாப்புடறாரு, ஒப்புட்டு மட்டும் குத்துக்கல்லாட்டம் கெடக்குது. டம்ளரை எடுக்கப் போறாரு, கை தள்ளிப் போவுது. திமிருன்னு நெனச்சேன். வேற என்ன நெனைப்பாங்க? "ஒப்புட்டுப் புடிக்காதுங்களா மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். "எங்கீங்க அத்தை இருக்குது?"ன்னு கேக்கறாரு. கண்ணுக்கு முன்னால இருக்கறதை எங்கீங்கன்னு கேட்டா, அது குத்தலா இல்லியா?

அன்னைக்குத் தாரணியைச் சமையக்கட்டுக்குக் கூப்புட்டுக் கேட்டேன். "ஏஞ்சாமி, உன்னைய மொகம் பாத்துப் பேசறாரா?" அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "பேசறாரும்மா. ஆனா காதைப் பாத்துத்தான் பேசறாரு"ன்னா. சொல்லிட்டு அழுதா. எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சுங்க. பெத்தவ வவுறுங்களே! எவளையோ மனசுல வெச்சுக்கிட்டு எம் பொண்ணு கழுத்துல தாலியைக் கட்டிப்போட்டானேன்னு, நேராச் சம்பந்தி ஊட்டுக்குப் போய் நின்னேன். "உங்க பையனுக்கு எம் பொண்ணு மொகம் புடிக்கலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் கூட்டீட்டுப் போயிக்கறேன்"னு தெருவுக்கே கேக்கறாப்புல சொன்னேன். சம்பந்தியம்மா, பாவம், ஒண்ணும் புரியாம நின்னாங்க. மாப்பிள்ளையும் நின்னாரு, மாட்டுக் கொட்டாயைப் பாத்துக்கிட்டு. "அவ மொகம் எனக்குப் புடிக்குமுங்க அத்தை"ன்னாரு. கொட்டாயைப் பாத்துக்கிட்டே!

சரி, எதுக்கும் இருக்கட்டும்னு திருஷ்டியும் கழிச்சேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்களே, ருக்மணி கண்ணு லேசுப்பட்ட கண்ணுங்களா? உப்பு, மொளகா, மூணு சந்தி மண்ணு, எல்லாம் எடுத்துச் சுத்திக் கற்பூரம் கொளுத்தினேன். "நல்லா உத்துப் பாருங்க மாப்பிள்ளை"ன்னேன். பாத்தாரு. அதையும் உத்துத்தான் பாத்தாரு.

அவங்க ரெண்டு பேரும் எங்கூட்டுல இருக்கறப்பத்தானுங்க அந்த நந்தகோபால் வீடியோவைக் கொண்டாந்தான். போட்டுப் பாத்தா, ரிசப்சன் பூராவும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பச்சைக் கோடு! அது பக்கத்துல பொட்டு வெச்சாப்புல ஒரு கருப்புப் புள்ளி! என் பட்டுச்சேலை மேல கோடு, எங்கூட்டுக்காரரு மீசை மேல கோடு. ருக்மணி மூஞ்சி மேல உழுந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அவ மட்டும் பளிச்சுனு இருக்கறா. அவனைப் புடிச்சு உலுக்கிப்போட்டேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணைன்னாளாம், படம் புடிக்கத் தெரியாம லேசரைக் கொற சொல்றயா?"ன்னேன். அவன் சண்டைக்கு வல்லீங்க. அந்த எடத்தை மறுக்காப் போட்டுக் காமிச்சான். மாப்பிள்ளைக்குப் பின்னால நின்னு, மேடையைப் பாத்து எடுத்தது. மாப்பிள்ளை தலை தெரியுது. என் சத்தம் கணீர்னு கேக்குது. "கண்ணை மூடாதீங்க! நல்லாத் தெறந்து வெளிச்சத்தைப் பாருங்க!" அடுத்த நிமிசம் அவரு தலையைத் தாண்டி அந்த வெளிச்சம் கேமராவுக்குள்ள வருது, படமே பச்சையா வெடிக்குது. அதுல இருந்துதான் கோடு.

அதோட உட்டானா? மெதுவா என்னையப் பாத்துக் கேக்கறான், "அம்மா, கேமராவுக்குள்ள ஓரமாப் போனதுக்கே இப்பிடிங்க. மாப்பிள்ளை நேராப் பாத்தாரே, அவரு கண்ணு எப்பிடிங்க இருக்குது?"

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். "உன்ற கேமரா ஓட்டைங்கறதுக்கு எங்க மாப்பிள்ளை கண்ணை இழுக்கறயா?"ன்னு கத்தினேன். கத்திக்கிட்டு இருக்கறப்பவே தாரணி எந்திரிச்சு மாப்பிள்ளைகிட்டப் போனா. மொகத்துக்கு நேரா நின்னு, "என் மொகத்துல என்ன இருக்குது, சொல்லுங்க"ன்னா. அவரு பார்வையை ஓரமாத் திருப்பினாரு. "என்ற மூக்குத்தி தெரியுதா?"ன்னா. "தெரியலை தாரணி"ன்னாரு. "உன்னைய நேராப் பாத்தா உன் மொகம் இருக்கற எடத்துல ஒரு ஓட்டைதான் தெரியுது. பக்கத்துல பாத்தா நீ கொஞ்சம் தெரியற. அதனாலதான் பக்கத்துல பாக்கறேன்."

ரிசப்சன்ல இருந்தே அப்பிடியாமுங்க. சொன்னாப் பயந்துக்குவாங்க, தானாச் சரியாப் போயிரும்னு இருந்தாராம். பட்டறையில ரெண்டு லாட்டுத் துணியைச் சரின்னு சொல்லி அனுப்பி, அது திரும்பி வந்திருக்குது. லேபை உட்டுட்டு அட்டைப் பொட்டி எண்ணற எடத்துல உக்காருன்னு சொல்லிப்போட்டாங்களாம். அதையும் சொல்லலை.

பொறவுதான் இங்க கூட்டியாந்தோம். டாக்டரு படமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு, கண்ணுக்குள்ள நட்ட நடு எடத்துல பொசுங்கியிருக்குதுங்கறாரு. ரெண்டு கண்ணுலயும், வலதுல பெருசா. "பூதக்கண்ணாடியில வெயிலைப் புடிச்சுக் காயிதத்தை எரிக்கறமே, அது மாதிரிம்மா. கண்ணுல இருக்கற லென்சு அந்த வெளிச்சத்தை ஒரு புள்ளியாக் குமிச்சு உள்ள எறக்கிரும். வலிக்காது, அதனால தெரியாது"ங்கறாரு. எங்க மாப்பிள்ளை கண்ணு என்ன காயிதமுங்களா? அந்த நடு எடந்தான் எழுத்துப் படிக்க, நெறம் பாக்க, மொகம் பாக்க எல்லாத்துக்கும் வேணுமாம். மருந்துன்னு பெருசா ஒண்ணும் இல்லியாம், பொறுத்திருந்து பாக்கோணுமாம். "கேமரான்னாச் சென்சாரை மாத்திக்கலாம்"னு வேற சொன்னாரு. அதை அந்த நந்தகோபால்கிட்டப் போய்ச் சொல்லச் சொல்லுங்க, எங்ககிட்ட எதுக்கு?

அப்புறம் டாக்டரு ஒண்ணு கேட்டாருங்க. "யாரா இருந்தாலும் அந்த வெளிச்சம் பட்டாக் கண்ணைத் தானா மூடிக்குவாங்க. நீங்க ஏன் தெறந்து பாத்தீங்க? யாராவது பாக்கச் சொன்னாங்களா?" தாரணி என்னைய ஒரு பார்வை பாத்தா. மாப்பிள்ளை சொன்னாரு, "இல்லீங்க, நானாத்தான் பாத்தேன். அழகா இருந்துச்சு." கேட்டுக்கிட்டீங்களா? அவரு வாயாலயே சொல்லிப்போட்டாரு! நானாத்தான் பாத்தேன்னு! அதுக்கப்புறம் என்னைய ஏனுங்க அல்லாரும் ஒரு மாதிரிப் பாக்கோணும்? எம் பொண்ணு எங்கிட்டப் பேசி எத்தனை நாளாச்சுங்கறீங்க? இன்னைக்கும் நானாத்தான் பஸ் ஏறி வந்தேன். இடது கண்ணாவது தெளிஞ்சுதான்னு இன்னைக்குச் சொல்றாங்க. தெளிஞ்சாத்தான் மறுக்கா லேபுக்குள்ள உடுவாங்க. எனக்கு ராத்திரி பூராத் தூக்கமில்லீங்க. மாகாளியாத்தாளுக்குக் கண்ணு மலர் சாத்தறேன்னு வேண்டியிருக்கறேன். அந்த அக்கறை கூட இல்லாதவளா நானு?

ஆனா ஒண்ணு மட்டும் என்னால தாங்க முடியலீங்க. கண்ணாலத்து வீடியோவைச் சரி பண்ணி நேத்துக் குடுத்தனுப்பினான் நந்தகோபால். கோடு இருந்தா இருக்கட்டும், நம்ம குரலாவது கேக்கலாம்னு போட்டேன். அந்த எடம் வருது, வெறும் நாதசுரம் மட்டும் கேக்குது! என் சத்தமே இல்ல! போனைப் போட்டுக் கேட்டா, "மாப்பிள்ளைதானுங்க வெட்டச் சொன்னாரு. அந்த எடத்துல அத்தை குரல் ஆருக்கும் கேக்கவே கூடாது, அழிச்சுருங்கன்னு ரெண்டு தடவை வந்து கெஞ்சிட்டுப் போனாரு"ங்கறான். பாருங்க! என் மொகத்தைத்தான் பாக்க முடியல, சரி. என் குரல் அவரை என்ன பண்ணுச்சு? நாளைக்குப் பேரன் பேத்தி அந்தப் படத்தைப் போட்டுப் பாத்தா, பாட்டி அங்க இருந்தாளான்னு தெரிய வேண்டாமா? இத்தனை வெறுப்பு ஒரு மனுசனுக்கு ஆகுமாங்க?

இதா, வந்துட்டாங்க. தாரணி! என்ன சாமி சொன்னாங்க? … வலது அப்பிடியேதானா? … இடது? … சித்தெ தெளிஞ்சிருக்குதா, மாகாளியாத்தா! … லேபுக்கு? … இனிமே முடியாதுன்னுட்டாங்களா? … சரி. சரி, உடு கண்ணு.

பாத்தீங்களாக்கா, எம் பொண்ணை? புருசனுக்கு நேரா நிக்காம ஒரு ஓரமாத் தள்ளி நின்னு பேசறா. அங்க நின்னாத்தான் அவ மொகம் அவருக்குத் தெரியுமாம். மாப்பிள்ளை, வாங்க, உக்காருங்க. என்னங்க? … இல்லீங்க, நான் இன்னும் சாப்புடல. … ஆமாங்க, வெடியால கெளம்பினதுதான். … நீங்க மொதல்ல சாப்புடுங்க.

கேட்டீங்களா? "அத்தை, பசியோட உக்காந்திருக்கீங்களா, வாங்க, சாப்புடலாம்"ங்கறாரு. அதையும் அந்தத் தூணைப் பாத்துத்தான் கேக்கறாரு.

அக்கா? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கறேன், நீங்க ஏனுங்க அக்கட்டால திரும்பிக்கிட்டீங்க? என்ற மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க, நான் கேட்டதுல என்ன தப்பு?